பினாங்கின் பழைய தெருவை எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜார்ஜ்டவுனின் பழைய தெரு ஒன்றை எண்ணெய் வண்ணத்தில் தீட்டப் பழகுவோர் பெரும்பாலும் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தையே முன்னால் வைத்துக்கொள்கிறார்கள்; முதல் தவறும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. தொடக்ககாலப் புகைப்படத் தகடுகள் நீல ஒளியை மிகுதியாகவும் சிவப்பை மிகக் குறைவாகவும் வாங்கிக்கொண்டவை. அதனால் சுட்ட மண் ஓடுகள் உண்மையில் இருந்ததைவிடக் கறுத்தும், நீல வானமும் அவுரி கலந்த சுண்ணாம்புச் சுவர்களும் வெளிறியும் தெரியும். அந்தச் சாம்பல் நிறங்களை அளவுகோலாகக் கொண்டு வண்ணம் கலந்தால், கூரைகள் தெருவை அழுத்துவதுபோல் கனத்து, வானம் வெறும் தாளாக நின்றுவிடும். கட்டட அமைப்புக்கும் ஆட்களின் உடைக்கும் புகைப்படத்தை நம்பலாம். ஒளிக்கும் நிழலுக்கும் லெபோ பாசார், லெபோ குவீன் போன்ற தெருக்களில் காலை வேளையில் நேரில் போய் நின்று பார்ப்பதே வழி.

நேரில் பார்ப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. இன்று கடைவீடுகளில் காணும் பளிச்சென்ற பெயின்ட் நிறங்களை அப்படியே பழைய காலத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. சுண்ணாம்புப் பூச்சு ஒளியைச் சிதறடிக்கும், பளபளக்காது. ஆகவே அச்சுவர்களுக்கு எண்ணெயைக் குறைத்து, வெள்ளையைக் கூட்டி, சற்று வறண்ட தூரிகையால் தீட்டுவது நல்லது. காலத்தையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்: 1936இல் நின்றுபோன மின்சார டிராம் ஓடும் தெருவில், 1963இல் உருவான மலேசியாவின் கொடி பறக்க இயலாது; 2012இல் ஓவியர் எர்னெஸ்ட் சாகரேவிச் லெபோ ஆர்மேனியன் தெருச் சுவரில் தீட்டிய சைக்கிள் சிறுவர்களுக்கும் அங்கே இடமில்லை.

என் கணிப்பில் ஓவியத்தைக் கெடுப்பதில் முதலிடம் பெறுவது, கடைவீடுகளின் முன்னே மேல்மாடிக்குக் கீழ் செல்லும் அஞ்சடி நடைபாதையின் நிழலுக்குக் கறுப்பை அப்படியே பூசுவதுதான். வெயில் பட்ட சாலையிலிருந்து எழும் ஒளி, தூண்களுக்கு அப்பால் நுழைந்து, மேல்மாடியின் அடிப்பகுதியில் இளஞ்சூடான ஒரு நிறத்தைப் படரவிடும். அல்ட்ராமரைன் நீலத்துடன் பர்ன்ட் அம்பர் என்னும் கரும்பழுப்பு வண்ணத்தைக் கலந்து, இடத்துக்கு ஏற்ப ஒன்றைக் கூட்டி மற்றொன்றைக் குறைத்து, மெல்லிய பூச்சாக இட்டால் அந்த நிழலுக்குள் ஆள் நடமாட முடியும் என்ற உணர்வு கிடைக்கும். கடைப் பலகையின் எழுத்துகளை முதலிலேயே நுணுக்கமாக எழுத எவருக்கும் கை பரபரக்கும். நிழலின் பெரிய வடிவங்கள் அமைந்த பிறகே அதைத் தொட வேண்டும்.

தூண்களைச் சம இடைவெளியில் வரைவதும் ஒரு பிழை. தூரம் கூடக்கூட இடைவெளி சுருங்க வேண்டும். சமதளமான தெருவில் நின்று பார்க்கும்போது, நம் உயரமுள்ளவர்கள் அருகில் நின்றாலும் தொலைவில் நின்றாலும், அவர்களது கண்கள் ஏறத்தாழ நம் கண்மட்டக் கோட்டிலேயே அமையும்.

கடைசியாகப் பூச்சின் வரிசை. டர்பென்டைனில் கரைத்த மெல்லிய பூச்சு அடியிலும், ஆளிவிதை எண்ணெய் மிகுந்த பூச்சு மேலேயும் வர வேண்டும். மாற்றினால், மெதுவாக உலரும் அடிப்பூச்சின் மேல் விரைவில் இறுகிய பரப்பு வெடித்துவிடும். எண்ணெய் வண்ணம் நீர் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தே இறுகுகிறது. ஆகையால் ஓவியத்தை மூடிய அலமாரியில் வைக்காமல் காற்றோட்டமான அறையில் வைத்து, வழக்கமான இறுதி வார்னிஷுக்கு ஆறு மாதங்களாவது, தடித்த பூச்சானால் அதற்கும் கூடுதலாக, காத்திருக்க வேண்டும்.