முன்பக்கம் தமிழ், பின்பக்கம் இங்கிலீஷ்: 'இயற்கை' தின்பண்டம் வாங்கும்போது செய்கிற தவறுகள்

அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்று, வீட்டிலிருந்த க்ரீம் பிஸ்கட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். 'இயற்கை உணவு' என்று பச்சைப் பலகை மாட்டிய அடுக்கிலிருந்து ராகி குக்கீஸ் இரண்டு பாக்கெட் வாங்கி வந்தேன். முன்பக்கத்தில் ஒரு பாட்டி, ஒரு பனைமரம், 'நாட்டுச் சர்க்கரையில் செய்தது' என்று வளைந்து நெளிந்த தமிழ் எழுத்து. சாயங்காலம் டீயோடு இரண்டு பிஸ்கட் சாப்பிடுகிற மனிதர், இது உடம்புக்கு நல்லதுதானே என்ற தைரியத்தில் ஆறு சாப்பிட ஆரம்பித்தார். ஒரு வாரம் கழித்துத்தான் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். முதலில் மைதா, அப்புறம் பாமாயில், அப்புறம் வெல்லம், அதற்கடுத்து வெள்ளைச் சர்க்கரை. ராகி ஐந்தாவது இடத்தில், 12 சதவீதம்.

இதில் கம்பெனி பொய் சொல்லவில்லை. ராகி இருக்கிறது, வெல்லமும் இருக்கிறது. திருப்பிப் பார்க்காதது நான்தான்.

திருப்பிப் பார்க்காததற்கு ஒரு காரணமும் உண்டு. உணவுப் பாக்கெட்டில் கட்டாயம் இருக்க வேண்டிய விவரங்களை ஆங்கிலத்திலோ இந்தியிலோ அச்சிட்டால் சட்டத்துக்குப் போதும். தமிழில் போடுவது கம்பெனியின் விருப்பம். அதனால் 'பாட்டி கைப்பக்குவம்', 'மண்மணம்' எல்லாம் பெரிய தமிழ் எழுத்தில் முன்னால் வந்துவிடுகின்றன. மைதாவும் பாமாயிலும் பொடி இங்கிலீஷில் பின்னால் போய்விடுகின்றன. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த அம்மா அப்பாக்கள் பாக்கெட்டில் பாதியைத்தான் படிக்க முடிகிறது. அவர்களுக்காக வாங்குகிறவர்கள் சில சொற்களையாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும். 'ரிஃபைன்ட் வீட் ஃப்ளோர்' என்றால் மைதா. வெறும் 'வீட் ஃப்ளோர்' என்றிருந்தால் முழுக்கோதுமை என்று நம்பிவிடக் கூடாது. 'ஹோல் வீட்' என்றிருக்கிறதா என்று பாருங்கள். 'பாமோலின்' பாமாயில்தான். 'ஜாகரி' என்றால் வெல்லம். எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். கடையில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

மூலப்பொருள் பட்டியலில் எடை அதிகமானது முதலில், குறைவானது கடைசியில் என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும். அதனால் முதல் மூன்று பொருளைப் படித்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். ஆனால் இந்த வரிசையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இனிப்பு முழுவதையும் ஒரே பொருளாகப் போட்டால் அது முதலிடத்துக்கு வந்துவிடும். அதையே சர்க்கரை, வெல்லம், லிக்விட் குளுக்கோஸ், இன்வெர்ட் சிரப், தேன் என்று ஐந்தாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடும், ஓட்ஸோ தினையோ மேலே ஏறிவிடும். 'எனர்ஜி பார்' வகையறாவில் இதை அடிக்கடி பார்க்கலாம். இனிப்புகளை மனசுக்குள் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு வரிசையை மறுபடி படியுங்கள்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி விஷயத்தில் நம் ஆட்களோடு பேசுவது கொஞ்சம் சங்கடம். வாசனை, ருசி, ஊர்ப்பாசம் எல்லாம் அதில் கலந்திருக்கிறது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நானும்தான் சந்தோஷப்பட்டேன். வெள்ளைச் சர்க்கரையில் இல்லாத தாதுக்கள் அவற்றில் சிறிதளவு உண்டு, அதுவும் சரி. ஆனால் இரண்டிலும் பெரும்பகுதி, வெள்ளைச் சர்க்கரையில் இருக்கிற அதே சுக்ரோஸ்தான். ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதைப் பொறுத்தவரை இது பெரிய சலுகை எதுவும் தராது. 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று வருகிற பேரீச்சை உருண்டையும் அப்படித்தான். உலர்ந்த பேரீச்சம்பழத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. சேர்க்கவில்லைதான், ஆனால் உள்ளேயே இருக்கிறது. சத்து அட்டவணையில் மொத்தச் சர்க்கரை என்றும் சேர்த்த சர்க்கரை என்றும் இரண்டு வரி இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பார்க்க வேண்டியது மொத்த மாவுச்சத்தும் மொத்தச் சர்க்கரையும்.

அட்டவணையை வைத்து அப்பாவின் ஆறு குக்கீஸுக்குக் கணக்குப் போட்டேன். 100 கிராமுக்கு 24 கிராம் சர்க்கரை. ஒன்று 10 கிராம் எடை, ஆறு 60 கிராம். ஆக 14 கிராமுக்கு மேல் சர்க்கரை, சுமார் மூன்று டீஸ்பூன். டீயில் சர்க்கரை வேண்டாம் என்று அம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டு, தொட்டுக்கொள்வதில் அதை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். பாக்கெட்டில் 'ஒரு பரிமாறல்' என்று இரண்டு குக்கீஸைத்தான் கணக்கு வைத்திருந்தார்கள். அந்த ஒரு பரிமாறலுக்குப் பக்கத்தில் வரும் சதவீதம் ஒரு நாளைக்கு 2,000 கிலோ கலோரி, 50 கிராம் சேர்த்த சர்க்கரை, 2,000 மில்லி கிராம் சோடியம் என்ற அளவுகளை வைத்துப் போடப்படுவது. லேபிளுக்காக வைத்த பொதுக் கணக்கு அது. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருப்பவருக்கு 50 கிராம் வரை போகலாம் என்று கொடுத்த அனுமதிச் சீட்டு அல்ல.

'மூலப்பொருள் ஐந்துக்குள் இருந்தால் நல்லது' என்று ஒரு சூத்திரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாதி சரி. நேந்திரங்காய் சிப்ஸில் காய், தேங்காய் எண்ணெய், உப்பு, மஞ்சள்தூள், அவ்வளவுதான். இதைவிடச் சுத்தமான பட்டியல் கிடைக்காது. ஆனால் அதன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. பட்டியலின் நீளம் வேறு, சத்துக் கணக்கு வேறு. இரண்டையும் பார்க்க வேண்டும். இதற்கு எதிர்ப்பக்கத் தவறு, ஐஎன்எஸ் (உணவில் சேர்க்கும் துணைப்பொருட்களுக்கு உலக அளவில் வைத்திருக்கிற எண்) என்று ஒரு எண்ணைக் கண்டதும் விஷம் என்று பாக்கெட்டைக் கீழே வைப்பது. 330 என்பது எலுமிச்சையில் இருக்கிற சிட்ரிக் அமிலம். 300 வைட்டமின் சி. 500 என்றால் நம் சமையல் சோடா வகை. அந்த எண்களைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதே பாக்கெட்டில் சோடியம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை.

'பிரிசர்வேட்டிவ் இல்லை' என்று முறுக்குப் பாக்கெட்டில் போட்டிருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஈரமே இல்லாத பண்டம், அதில் பூஞ்சை எங்கே பிடிக்கப் போகிறது? பாட்டி தகர டின்னில் போட்டு ஒரு மாசம் வைத்திருந்ததும் பிரிசர்வேட்டிவ் இல்லாமல்தான்.

தாமரை விதை என்று விற்கும் மக்கானாவைப் பலர் இப்போது புதிதாகச் சாப்பிட்டுப் பார்க்கிறார்கள். (அது தாமரை இல்லை, முள்ளுள்ள ஒரு நீர் அல்லிச் செடியின் விதை, பெரும்பாலும் பீகாரில் விளைகிறது.) வெறுமனே வறுத்த மக்கானாவில் எண்ணெயும் உப்பும் மிகக் குறைவு. ஆனால் பெரி பெரி, சீஸ், புதினா என்று மசாலா பூசி வருவது வேறு கதை. காய்ந்த பொரியின்மேல் மசாலாப் பொடி தானாக ஒட்டாது, ஒட்டவைக்க எண்ணெய் வேண்டும். ருசிக்கு உப்பும் 627, 631 போன்ற சுவைகூட்டிகளும் சேரும். வெறும் மக்கானாவுக்கு இருக்கிற நல்ல பெயரை மசாலா மக்கானாவும் வாங்கிக்கொள்கிறது. வெறுமனே வாங்கி, வீட்டில் அரை ஸ்பூன் நெய்யில் மிளகுத்தூள் போட்டுப் புரட்டினால் வேலை முடிந்தது.

'இயற்கை' என்ற சொல்லுக்கே சட்டத்தில் எல்லை உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிகளின்படி, எதுவும் சேர்க்காத தனிப் பொருளைத்தான் 'நேச்சுரல்' என்று சொல்லலாம். உலர்ந்த அத்திப்பழம், வறுத்த பாதாம் என்றால் சரி. பல பொருள் கலந்த பண்டத்தை அப்படிச் சொல்லக் கூடாது. எல்லாப் பொருளும் அந்த நிபந்தனைக்கு உட்பட்டால் 'இயற்கைப் பொருட்களால் செய்தது' என்று சொல்லிக்கொள்ளலாம். இதைச் சுற்றிப் போக ஒரு வழி, அந்தச் சொல்லைப் பிராண்ட் பெயரிலேயே வைத்துவிடுவது. ஏமாற்றக்கூடிய பெயராக இருந்தால் 'இது பிராண்ட் பெயர் மட்டுமே, பொருளின் உண்மைத் தன்மையைக் குறிக்காது' என்று பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும். தேடிப் பாருங்கள், எங்காவது ஓரத்தில் இருக்கும். ஆர்கானிக் என்பது வேறு. அதற்குச் சான்றிதழும் அதற்கென்று உள்ள முத்திரையும் வேண்டும். ஆர்கானிக் சர்க்கரையும் சர்க்கரைதான் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

அப்புறம் வாங்குகிற அளவு. 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று அரைக் கிலோ கம்பு மிக்ஸரை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். கம்பு மாவு சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும். அதிலுள்ள கொழுப்பும் அதைச் சிதைக்கிற நொதியும்தான் காரணம். எள், கடலை, ஆளி விதை சேர்ந்த பண்டங்களும் வெயில் படுகிற அடுக்கில் இருந்தால் காறிப்போகும். முதல் தடவை சின்னப் பாக்கெட்டே போதும், தயாரித்த தேதியையும் பார்த்து எடுங்கள். சர்க்கரைக்குப் பதில் மால்டிடால் போட்ட சாக்லேட், சிக்கரி நார்ச்சத்து சேர்த்த பார் இவற்றை முதல் நாளே முழுசாகத் தின்றால் வயிறு உப்பும், சிலருக்குப் பேதியும் ஆகும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இன்னும் இரண்டு கவனம். ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கடலை, முழு முந்திரி வேண்டாம், தொண்டையில் அடைக்கும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் சேர்த்த எதுவும் கூடாது.

விலையை 100 கிராமுக்கு எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். 'பீனட் ஜாகரி பார்' என்று மினுமினுக்கும் காகிதத்தில் சுற்றி வருவதைப் பிரித்தால் உள்ளே கடலை மிட்டாய். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, அதற்குப் புதுப் பெயர் தேவையில்லை. பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, அவல் எல்லாம் மளிகைக் கடையில் பழைய இடத்தில்தான் இருக்கின்றன. பச்சைப் பலகை மாட்டாததால் யாரும் அவற்றை ஆரோக்கிய உணவாக எண்ணுவதில்லை.

போன வாரம் அப்பாவையும் கடைக்குக் கூட்டிப் போயிருந்தேன். சிறுதானிய முறுக்குப் பாக்கெட் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டி, "முதல்ல என்ன போட்டிருக்கான், படி" என்றார். அரிசி மாவு, பாமோலின், கடலை மாவு, நான்காவதாகக் கம்பு. கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, முறுக்குன்னே வாங்கிக்குவோம். சின்னதா ஒண்ணு எடு" என்றார்.