குச்சி நிழலில் வடக்கையும் உங்கள் ஊரின் தீர்க்கக்கோட்டையும் கண்டுபிடிப்பது எப்படி?

"1 டிகிரி தீர்க்கக்கோட்டுக்கு 4 நிமிடம்" என்று பாடத்தில் படித்து, கணக்கும் போட்டுவிடுகிறோம். அதையே வெயிலில் செய்து பார்த்தால் பலருக்கும் விடை 300, 400 கிலோமீட்டர் தள்ளிப்போகிறது. தவறு எங்கே நுழைகிறது என்பதுதான் இந்தப் பதிவில் முக்கியம். அட்சக்கோடு, தீர்க்கக்கோடு என்றால் என்ன என்பது தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தேவையானவை

நேரான கம்பி ஒன்று (தரைக்கு மேலே 50 செ.மீ. நிற்க வேண்டும்), தூக்குக்குண்டு, சணல் கயிறு, சாக்பீஸ் அல்லது ஆணிகள், நேரம் பார்க்கக் கைப்பேசி. மூங்கில் குச்சி வேண்டாம், எங்காவது வளைந்திருக்கும். தரை மட்டமாக இருக்கிறதா என்று கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்குப் பள்ளி மைதானம்தான் சிறந்த இடம். மொட்டை மாடிதான் இருக்கிறது என்றால், ப்ளைவுட் பலகையில் அடியிலிருந்து ஸ்க்ரூ போட்டு 20 செ.மீ. கம்பியை நிறுத்துங்கள்.

திசைகாட்டி எதற்கும் தேவையில்லை. மாடியில் கைப்பேசித் திசைகாட்டியை நம்பவே நம்பாதீர்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும், காந்தம் வைத்த கைப்பேசி உறையும் முள்ளை எங்கேயோ இழுத்துவிடும்.

படி 1: கம்பியை ஊன்றுதல்

தூக்குக்குண்டை இரண்டு பக்கங்களிலிருந்து பிடித்துப் பார்த்து, கம்பியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். கம்பியின் நுனிக்கு நேர் கீழே தரையில் உள்ள புள்ளிதான் நம் மையம். கம்பி லேசாகச் சாய்ந்திருந்தாலும் பரவாயில்லை, நுனியிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு அந்த மையத்தைக் குறித்துக்கொண்டால் போதும்.

படி 2: காலைக் குறி

காலை 10 மணி வாக்கில் நிழலின் நுனியில் ஒரு குறி வைத்து, நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். மையத்திலிருந்து அந்தக் குறி வரை கயிற்றை இழுத்து, அந்த ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். கால் மணி இடைவெளியில் இப்படி 3 குறிகளும் 3 வட்டங்களும் போட்டுவிடுவது நல்லது. மதியம் ஒரு மேகம் குறுக்கே வந்து ஒரு வட்டம் வீணானாலும் மற்ற இரண்டும் கைகொடுக்கும்.

நிழல் நுனி எது என்றே தெரியவில்லையா? அது இயல்புதான். சூரியன் வானில் அரை டிகிரி அகலத்துக்கு இருப்பதால், நுனியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி விழும் நிழலின் விளிம்பு கிட்டத்தட்ட 9 மி.மீ. மங்கலாகிறது. கம்பியை உயரமாக்கினால் மங்கலும் கூடவே வளரும். அதற்குப் பதிலாக, ஓர் அட்டையில் 3 மி.மீ. துளை போட்டுக் கம்பியின் உச்சியில் படுக்கையாக ஒட்டிவிடுங்கள். அட்டையின் நிழலுக்குள் விழும் ஒளிப்பொட்டின் நடுவைக் குறிப்பது எளிது. ஆனால் அப்போது மையம், துளைக்கு நேர் கீழே உள்ள புள்ளி. கம்பியின் அடி அல்ல.

படி 3: மதியக் குறி

நிழல் குறுகி, பிறகு நீண்டு, மறுபடியும் அதே வட்டத்தைத் தொடும். அந்த இடத்தையும் நேரத்தையும் குறியுங்கள். காலை நேரத்தையும் மதிய நேரத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் உங்கள் ஊர் நண்பகல், அதாவது சூரியன் உச்சிக்கு வரும் நேரம், கிடைக்கும். கூட்டும்போது மதியம் 3:10 என்பதை 15:10 என்று எழுதுங்கள்.

"மிகக் குட்டையான நிழல் விழும் நேரத்தை நேராகப் பார்த்தால் போதாதா?" போதாது. டிசம்பரில் சென்னையில் 50 செ.மீ. கம்பியின் நிழல், நண்பகலை ஒட்டிய 10 நிமிடத்தில் சுமார் 1 மி.மீ. மட்டுமே நீளம் மாறும். மங்கலே 5, 6 மி.மீ. இருக்கும்போது அதைப் பிடிக்கவே முடியாது. அதே கம்பியின் நிழல் காலை 10 மணிக்கு ஒரு நிமிடத்திலேயே 3 மி.மீ. நகர்கிறது. அதனால்தான் வட்டம்.

படி 4: வடக்கு

காலைக் குறி மேற்குப் பக்கம், மதியக் குறி கிழக்குப் பக்கம். இரண்டையும் கோட்டால் இணைத்தால் அது கிழக்கு-மேற்கு. அந்தக் கோட்டின் நடுப்புள்ளியை மையத்தோடு இணைத்தால் வடக்கு-தெற்கு.

பாடநூல் படத்தைப் பார்த்து "நண்பகல் நிழல் விழும் பக்கம் வடக்கு" என்று முடிவுகட்டாதீர்கள். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் நம் தலைக்கு வடக்கே போவதால் நண்பகல் நிழல் தெற்கே விழும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கிலேயே இது தொடங்கிவிடும். கிழக்குக் குறி வலக்கைப் பக்கம் இருக்கும்படி நின்றால் முகம் பார்ப்பது வடக்கு. எந்த மாதத்திலும் இது மாறாது.

படி 5: தீர்க்கக்கோடு (வழுக்குவது இங்கேதான்)

இந்தியத் திட்ட நேரம் மிர்சாபூர் வழியே போகும் 82°30' கிழக்குத் தீர்க்கக்கோட்டுக்கு உரியது. சென்னை 80°16' கிழக்கு. வித்தியாசம் 2°14', அதாவது ஏறக்குறைய 9 நிமிடம். எனவே சென்னையில் நண்பகல் 12:09 என்று கணக்கு சொல்கிறது. ஆனால் நவம்பர் 3 அன்று அளந்தால் 11:53 வாக்கிலும், பிப்ரவரி 11 அன்று 12:23 வாக்கிலும் வரும்!

நம் அளவில் பிழை இல்லை. பூமி சூரியனை நீள்வட்டத்தில் சுற்றுகிறது, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து சூரியனை, சீராக ஓடும் கடிகாரத்துக்குச் சில மாதங்களில் முந்தவும் சில மாதங்களில் பிந்தவும் வைக்கின்றன. தொடக்கநிலைப் பாடங்களில் இதை விட்டுவிடுகிறார்கள். அதனால் அளந்த நண்பகலை முதலில் இப்படித் திருத்த வேண்டும்:

பிப்ரவரி 11: 14 நிமிடம் கழிக்கவும்
மே 14: 4 நிமிடம் கூட்டவும்
ஜூலை 26: 6½ நிமிடம் கழிக்கவும்
நவம்பர் 3: 16½ நிமிடம் கூட்டவும்
ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25: திருத்தம் தேவையில்லை

வகுப்பில் முதல்முறை செய்பவர்கள் கடைசி வரிசைத் தேதிகளில் ஒன்றை ஒட்டிச் செய்யுங்கள். என் தேர்வு டிசம்பர் 25-ஐ ஒட்டிய நாள்கள். ஜூன் நடுப்பகுதியில் தென்மேற்குப் பருவமழை மேகம், செப்டம்பரிலும் வானத்தை நம்ப முடியாது.

எடுத்துக்காட்டு: பிப்ரவரி 11, கோயம்புத்தூர். காலைக் குறி 10:02, மதியக் குறி 15:10 என்று வைத்துக்கொள்வோம். நடு நேரம் 12:36. திருத்தம் 14 கழித்தால் 12:22. 12 மணியிலிருந்து 22 நிமிடம் தாமதம். 22 ÷ 4 = 5½ டிகிரி. தாமதம் என்றால் நாம் 82°30'-க்கு மேற்கே இருக்கிறோம், எனவே கழிக்க வேண்டும்: 77° கிழக்கு. கோவையின் உண்மையான இடம் 76°58' வாக்கில்.

கூட்டுவதா கழிப்பதா என்று குழம்பினால், சூரியன் கிழக்கே உள்ளவர்களுக்கு முன்னதாகவே உச்சிக்கு வந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். திருத்திய நண்பகல் 12 மணிக்கு முன் வந்தால் கூட்டல். கொல்கத்தாவில் அது 11:37, போர்ட் பிளேரில் 11:19.

துல்லியம் எவ்வளவு? நேரத்தில் 1 நிமிடம் பிசகினால் கால் டிகிரி, தமிழ்நாட்டு அட்சக்கோடுகளில் சுமார் 27 கி.மீ. மூன்று வட்டங்களின் நண்பகலும் 2 நிமிடத்துக்குள் ஒத்துப்போனால் வேலை சுத்தம். ஒரு பக்கமாகவே நகர்ந்துகொண்டு போனால் தரை சாய்ந்திருக்கிறது அல்லது மையம் தப்பு.

பிற்சேர்க்கை: வெளிநாட்டிலிருந்து செய்பவர்களுக்கு

இலங்கைக்கும் இதே 82°30' கணக்குதான். யாழ்ப்பாணத்தில் திருத்திய நண்பகல் 12:10 வர வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கடிகாரம் 120° கிழக்கை வைத்து ஓடுகிறது. அங்கே 82°30'-ஐப் போட்டால் விடை வங்காள விரிகுடாவுக்கு மேற்கே போய் விழும். 120-ஐப் போட்டால், கோலாலம்பூரில் திருத்திய நண்பகல் பிற்பகல் 1:13, சிங்கப்பூரில் 1:05. எனவே அங்கே காலைக் குறியை 10 மணிக்குப் பதிலாக 11 மணிக்கு வைத்தால் மதியக் குறியும் பிற்பகல் 4 மணிக்குள் முடிந்துவிடும்.