கோவையில் முதியோர் குடியிருப்பு: வீடு பார்ப்பது முதல் குடியேறுவது வரை

கோவையைச் சுற்றித் துடியலூர், வடவள்ளி, தொண்டாமுத்தூர்ப் பக்கங்களில் மதில் சுவரும் காவலாளியும் பொதுச் சமையற்கூடமும் கொண்ட முதியோர் குடியிருப்புகள் பெருகியுள்ளன. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பணி ஓய்வு பெற்ற தம்பதியர் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும்கூட இங்கு வந்து சேர்கிறார்கள். வீடு பார்க்க வருபவர்களின் கண்ணில் நடைபாதையும் நூலகமும் கோயிலும் முதலில் படுகின்றன. நடமாட்டத்தோடு இருக்கும் இன்றைய உடம்பை வைத்தே அவர்கள் இடத்தை மதிப்பிடுகிறார்கள். ஆனால் அங்கு நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, படுக்கையில் விழுந்தால் இங்கேயே இருக்க முடியுமா என்பதுதான்.

இதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். பல குடியிருப்புகள் தம் வேலையைத் தாமே செய்துகொள்ளக் கூடியவர்களுக்கு மட்டுமே உரியவை. குளிக்கவும் உடுக்கவும் துணை தேவைப்படும் நிலை வந்தாலோ, ஞாபக மறதி நோய் முற்றினாலோ, தனியாக ஆள் அமர்த்திக்கொள்ளச் சொல்வார்கள் அல்லது வேறு இடம் பார்க்கச் சொல்வார்கள். அந்த ஆளுக்கான சம்பளம் யாருடையது, அவர் இரவில் வீட்டிலேயே தங்கலாமா, அவருக்குச் சாப்பாடு சமையற்கூடத்திலிருந்து கிடைக்குமா என்பவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். இரவில் செவிலியர் இருக்கிறாரா, அல்லது தொலைபேசியில் அழைத்தால் வருவாரா என்பதும் இதில் சேர்ந்ததே. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நள்ளிரவு இரண்டு மணிக்குத்தான் விளங்கும்.

வாங்குவதற்கு முன் விருந்தினர் அறையிலோ வாடகை வீட்டிலோ குறைந்தது பத்து நாள் தங்குங்கள். வீடு காட்டும் நாளில் மதியச் சாப்பாடு எங்கும் நன்றாகவே இருக்கும் என்பதால், சாதாரணமானதொரு செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டைச் சுவைத்துப் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் ஜூன், ஜூலை மாதங்களில் தங்குவது இன்னும் நல்லது. மூட்டுவலியும் ஆஸ்துமாவும் உள்ளவர்களுக்கு அந்தக் காற்றும் சாரலும் ஒத்துக்கொள்ளுமா என்பது அப்போது தெரிந்துவிடும். நிர்வாகத்திடம் சொல்லிவிட்டு அவசர அழைப்புப் பொத்தானை இரவில் ஒருமுறை அழுத்தி, எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார் என்று பாருங்கள். குளியலறையில் கைப்பிடி இருக்கிறதா, தரை வழுக்குகிறதா, கதவு வெளிப்புறமாகத் திறக்கிறதா என்றும் கவனியுங்கள். உள்ளே விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொண்டால், உள்நோக்கித் திறக்கும் கதவைத் தள்ளித் திறக்க முடியாது. மின்தூக்கிக்குள் தூக்குப்படுக்கை (ஸ்ட்ரெச்சர்) நுழையுமா என்பதையும் கேளுங்கள். விற்பனைப் பிரதிநிதி சற்றுத் தடுமாறுவார்.

பத்திர விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் வாங்குவது வீட்டை; ஆனால் அன்றாடம் வாழப்போவது சேவை ஒப்பந்தத்தை நம்பி. உணவு, துப்புரவு, காவல், மருத்துவ உதவி ஆகியவற்றைப் பல இடங்களில் கட்டியவர் நடத்துவதில்லை. வேறொரு நிறுவனம் நடத்துகிறது. அந்த நிறுவனம் விலகினால் யார் பொறுப்பு, மாதக் கட்டணம் ஆண்டுதோறும் எவ்வளவு வரை உயரலாம், ஜிஎஸ்டி சேர்த்த தொகையா அது, ஒரு மாதம் பிள்ளைகளிடம் போயிருந்தால் உணவுக் கட்டணம் கழியுமா என்பனவெல்லாம் அந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கும். மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி நெறிமுறைகள், கட்டுபவர், சேவை தருபவர், வாங்குபவர் ஆகிய மூவரும் கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தத்தைப் பரிந்துரைக்கின்றன. அதைக் கேட்டு வாங்குங்கள்.

புதிதாகக் கட்டப்படும் திட்டமாயின், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் வெளிப்படும் கட்டுமானக் குறைகளைக் கட்டியவரே சரிசெய்து தர வேண்டும். மனையில் உங்களுக்குரிய பிரிக்கப்படாத பாகமும் வில்லங்கச் சான்றும் எந்த வீட்டுக்கும் பார்ப்பவைதாம். இங்கு கூடுதலாகப் பார்க்க வேண்டியது வாரிசு விதி. வயது வரம்பு உள்ள குடியிருப்பில் உங்களுக்குப் பின் உங்கள் மகனோ மகளோ குடியிருக்க முடியாமல் போகலாம். விற்கவோ, வயது தகுதியுள்ளவருக்கு வாடகைக்கு விடவோ மட்டுமே அனுமதி இருக்கலாம். பேரப்பிள்ளைகள் கோடை விடுமுறையில் எத்தனை நாள் தங்கலாம் என்பதுகூட விதியில் இருக்கும்.

பழைய வீட்டை உடனே விற்காதீர்கள். ஓராண்டு வாடகைக்கு விட்டுவையுங்கள். பிள்ளைகள் பெயருக்குத் தானப் பத்திரம் எழுதுவதாயின், உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்துசெய்யக் கோர வழி தருகிறது.

குடியேறும்போது சாமான்களில் பாதியை விட்டுவிட்டு வாருங்கள். பொதுச் சமையற்கூடம் இருந்தாலும் காப்பி வடிகட்டியையும் ஒரு சிறிய அடுப்பையும் மட்டும் விட்டுவிட வேண்டாம். உணவுக் குழுவில் முதல் ஆறு மாதம் சேராமல் இருப்பது உத்தமம். சாம்பாரில் பருப்பு குறைந்துவிட்டது என்ற விவாதம் அங்கு ஆண்டுக்கணக்கில் நடந்துகொண்டிருக்கும். புதியவர் எந்தப் பக்கம் பேசினாலும் பாதிப் பேர் முகம் திருப்புவர். ஆதார், வங்கி, வாக்காளர் பட்டியல் ஆகியவற்றில் முகவரியை மாற்றுங்கள். மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் தர வேண்டிய வாழ்வுச் சான்றைக் கைப்பேசியிலேயே முகப்பதிவு மூலம் தரலாம். அவர்களில் 80 வயதைக் கடந்தவர்களுக்கு அது அக்டோபரிலேயே தொடங்குகிறது. 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்தில் வருமான வரம்பின்றி அட்டை உண்டு. மருந்துகளின் பெயர், இரத்த வகை, பிள்ளைகளின் எண், 108, மூத்த குடிமக்கள் உதவி எண் 14567 ஆகியவற்றை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். அதன் பிரதி ஒன்று பக்கத்து வீட்டிலும், வீட்டின் மாற்றுச் சாவியோடு இன்னொன்று வாயிற்காவல் அறையிலும் இருக்கட்டும்.