நுண்ணோக்கியில் காட்சி மங்குவது ஏன்?

உயர்நிலைப் பள்ளியில் உயிரணுக்களைப் பற்றிப் படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் வெங்காயத்தின் உட்தோலைத்தான் முதலில் நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். சிங்கப்பூரின் தேக்காச் சந்தையில் வாங்கிய ஒரு வெங்காயமும் ஒரு சொட்டு அயோடின் கரைசலும் இருந்தால் உயிரணுச் சுவரையும் உட்கருவையும் தெளிவாகக் காணலாம். அப்படியிருந்தும் பலருக்கு மங்கலான மஞ்சள் படலம் மட்டுமே தெரிகிறது என்றால், குறை பெரும்பாலும் கருவியில் இல்லை. ஒளியைக் கையாளும் முறையில் இருக்கிறது.

ஸ்லைடை வைக்கும் மேடைக்குக் கீழே ஒளிகுவிப்பானுடன் இணைந்துள்ள துளைத்திரையை வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் பயன்படுத்துவதே மிகப் பரவலான தவறு. வெளிச்சத்துக்கு விளக்கின் திருகு இருக்கிறது. துளைத்திரையின் வேலை வேறு. அதை முழுவதும் திறந்து வைத்தால் சாயமேற்றாத உயிரணுக்கள் பின்னணியோடு கலந்து மறைந்துவிடும். மிகவும் மூடினால் விளிம்புகள் கறுத்து எடுப்பாகத் தெரியும். ஆனால் அந்த எடுப்பு ஏமாற்று, ஏனெனில் ஒளி விளிம்புகளில் சிதறி நுண்ணிய விவரங்கள் அழிந்திருக்கும். கண்ணருகு லென்ஸைக் கழற்றிவிட்டுக் குழாய்க்குள் பார்த்து, தெரியும் ஒளிவட்டத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு மட்டும் திறந்திருக்கும்படி திரையை வைப்பது நல்ல அளவு. பொருளருகு லென்ஸை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது, உருப்பெருக்கத்தின் மேல் உள்ள ஆசை. 1873ஆம் ஆண்டு ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே விளக்கியபடி, லென்ஸ் எவ்வளவு அகலமான ஒளிக்கூம்பை ஏற்கிறது என்பதும் ஒளியின் அலைநீளமுமே நெருங்கியுள்ள இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் திறனைத் தீர்மானிக்கின்றன. சாதாரண ஒளியில் அதன் எல்லை ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டர். பள்ளிகளில் வழக்கமாக உள்ள 40 மடங்கு லென்ஸின் எண்துளை, அதாவது அது ஏற்கும் ஒளிக்கூம்பின் அகலத்தைக் குறிக்கும் எண், 0.65. பயனுள்ள பெருக்கம் அந்த எண்ணின் ஆயிரம் மடங்கு வரைதான் என்பதால், சுமார் 650 மடங்கைத் தாண்டிய பெருக்கத்தில் படம் பெரிதாகுமே தவிர, புதிதாக எதுவும் தெரியாது. ஆகவே மொத்தம் 400 மடங்கு (40 × 10) தரும் 10 மடங்குக் கண்ணருகு லென்ஸே போதுமானது. 25 மடங்கு லென்ஸுக்குச் செலவழிப்பது வீண்.

எப்போதும் 4 மடங்கில் தொடங்கி, பார்க்க வேண்டிய இடத்தை நடுவில் கொண்டுவந்த பிறகே மேலே செல்ல வேண்டும். 40 மடங்கில் லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரைவிடக் குறைவு என்பதால், அங்கே குவியத்தை வேகமாக மாற்றும் பெரிய திருகைத் தொடவே கூடாது. ஸ்லைடைத் தலைகீழாக வைத்துவிட்டால் 4 மடங்கில் படம் தெரியும், 40 மடங்கில் குவியவே குவியாது. தடித்த கண்ணாடி இடையில் வந்துவிடுவதே காரணம். மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பும் 0.17 மில்லிமீட்டர் தடிமன் உள்ளதாக இருக்க வேண்டும். அதைச் சாய்வாகப் பிடித்து மெல்ல இறக்கினால் காற்றுக்குமிழிகள் சிக்குவது குறையும். கறுத்த விளிம்புடைய அந்த வட்டங்களை உயிரணு என்று வரைந்து தருபவர்கள் ஏராளம். லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் இடையே இடும் எண்ணெய் 100 மடங்கு லென்ஸுக்கு மட்டுமே. எண்ணெய் இட்டபின் 40 மடங்கு லென்ஸை அதன்மேல் திருப்பவே கூடாது.

ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும் சிங்கப்பூரில், கருவியை வைக்கும் இடமும் காட்சியைக் கெடுக்கும். பிளாஸ்டிக் உறையால் மூடி அலமாரியில் மாதக்கணக்கில் விட்டுவைத்தால் லென்ஸில் பூஞ்சை படரும். அது கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தெளிவு திரும்பாது. கேமராக்களுக்கு விற்கப்படும் உலர்பெட்டியில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் லென்ஸ்களை வைத்து, துடைப்பதற்கு லென்ஸ் தாளை மட்டும் பயன்படுத்தலாம். முகம் துடைக்கும் தாள் மேற்பூச்சைக் கீறக்கூடும்.