கடற்கரை ஊரில் சைவமாய்ச் சாப்பிட

கடலூர், புதுச்சேரிப் பக்கம் விருந்துக்குப் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காய்கறியைத்தான். மீன் குழம்பு கண்ணுக்குத் தெரிந்துவிடும். கீரைப் பொரியலிலும் புடலங்காயிலும் ஒரு கைப்பிடி சென்னாக்குன்னி என்னும் பொடி இறால் விழுந்திருக்கும். கத்தரிக்காய் மொச்சைக் குழம்பில் கருவாடு கிடக்கும். "கறி போட்டிருக்கா?" என்றால் "இல்லையே" என்பார்கள். பொய்யில்லை, அவர்களுக்குக் கறி என்றால் ஆடும் கோழியும்தான். "எறா, கருவாடு, சென்னாக்குன்னி ஏதாவது சேர்த்தீங்களாக்கா?" என்று பேர் சொல்லிக் கேளுங்கள்.

குஸ்கா சைவமில்லை, பிரியாணி அண்டாவில் கறித்துண்டை ஒதுக்கி அள்ளிய சோறு அது. பரோட்டாக் கடையில் வெறும் சால்னாவிலும் எலும்புச் சாறு இருக்கலாம், மாவில் முட்டையும் சேர்ப்பதுண்டு. சாயங்காலக் கடையில் பஜ்ஜி வாங்குமுன் அதே எண்ணெயில் மீன் பொரிக்கிறார்களா என்று பாருங்கள்.

புதுச்சேரி பேக்கரியில் நீள பிரெஞ்சு ரொட்டிக்கு மைதா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் போதும். பிரியோஷ் என்னும் மெத்தென்ற ரொட்டியில் முட்டை உண்டு. பளபளக்கும் பஃப்ஸ், க்ரோசான் மேலேயும் பெரும்பாலும் முட்டைதான் தடவியிருக்கும். பிரெஞ்சு உணவகத்தில் காய்கறி சூப் என்றாலும் கோழிச்சாறா என்று கேட்க வேண்டும். வியட்நாம் உணவென்றால் மீன் சாஸ். வடலூர்ப் பக்கம் போனால் இந்தக் கேள்வியே வேண்டாம்: வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமசாலையில் யார் போனாலும் சைவச் சோறு, காசில்லாமல்.

வீட்டில் மற்றவர்கள் மீன் சாப்பிட்டால் மண்சட்டியையும் தோசைக்கல்லையும் மட்டுமாவது தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சட்டி குழம்பை உறிஞ்சிக்கொள்ளும்; எத்தனை தேய்த்தாலும் வாசம் போகாது. எவர்சில்வருக்கு அந்தத் தொல்லை இல்லை.

அவர்களுக்கு வஞ்சிரம் வறுக்கும் நாளில் உங்களுக்குச் சேனை. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அரைக் கிலோ சேனையைத் தோல் சீவி, ஒரு சென்டிமீட்டர் கனத்தில் நறுக்குங்கள். நெல்லிக்காயளவு புளியைக் கரைத்த தண்ணீரில் உப்பு, மஞ்சள்தூள் போட்டு, கத்தி இறங்கும் வரை, ஏறத்தாழ எட்டு நிமிடம் வேகட்டும். புளியை விட்டால் தொண்டை அரிக்கும். அதிகம் வெந்தால் கல்லில் திருப்பும்போது உடையும். வடித்துத் துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்துங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் மசாலா வழுக்கிக் கல்லில் ஒட்டிக் கருகும்.

மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, மல்லித்தூள் ஒன்று, சோம்புத்தூள் அரை, இஞ்சி பூண்டு விழுது ஒன்று, அரிசிமாவு ஒரு மேசைக்கரண்டி, அரை மூடி எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் உப்பு: கெட்டியாகக் குழைத்துத் தடவி இருபது நிமிடம் ஊறட்டும். நல்லெண்ணெய் விட்டு, சிறுதீயில் பக்கத்துக்கு நான்கு நிமிடம். கூடுதலாகவே வறுங்கள், மீன் தின்பவர்களும் கை நீட்டுவார்கள்.