பழைய லேப்டாப் சூடாகி, திரை கருப்பாகிவிட்டால்

முதலில் பயப்படாதீர்கள், சூட்டில் திரை கருப்பானதும் மதர்போர்டு (எல்லா பாகங்களையும் இணைக்கும் முக்கியப் பலகை) போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். விசிறி ஓடுகிறதா, விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால், இருட்டில் திரை மேல் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரைக்குப் பின்னால் எரியும் பின்னொளிதான் போயிருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிளில் டிவியை மாட்டி அதில் படம் வந்தாலும் கோளாறு திரையிலோ அதன் கேபிளிலோதான்.

இரண்டிலும் ஒன்றும் வரவில்லையா? சார்ஜரைக் கழற்றி, பேட்டரி தனியாக வருமென்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் சார்ஜரை மட்டும் மாட்டிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சார்ஜரை மறுபடி கழற்றிவிட்டு, ரேமை (தற்காலிக நினைவகச் சில்லுகள் உள்ள சின்னப் பலகை) எடுத்துத் திரும்பச் செருகுங்கள், என் பழைய லேப்டாப் இதில்தான் பிழைத்தது.

சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் தூசிதான். விசிறிக்கும் வெப்பத்தை வெளியேற்றும் தகடுகளுக்கும் நடுவே அது கம்பளம் மாதிரி படிந்து காற்றை அடைத்துவிடும், ப்ராசஸர் 100 டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், அதுவும் போதாவிட்டால் மெஷின் சட்டென்று அணைந்துவிடும். ஊதிச் சுத்தம் செய்யும்போது விசிறியை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுழலவிட்டால் பேரிங் கெட்டுவிடும். நாலைந்து வருடம் ஆகியிருந்தால் ப்ராசஸர் மேல் சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்டையும் மாற்றிவிடுங்கள். பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் எதையும் நோண்டாமல் சர்வீஸுக்குக் கொடுத்துவிடுங்கள்.