இத்தாலிய மொழியில் 'இருக்கு' சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓரிடத்தில் ஒன்று இருக்கிறது என்று சொல்ல இத்தாலிய மொழியில் இரண்டு வடிவங்கள்: ஒருமைக்கு 'ச்சே', பன்மைக்கு 'ச்சி ஸோனோ'. விதி அவ்வளவுதான். ஆனாலும் தமிழ் பேசுகிறவர்கள் திரும்பத் திரும்பத் தடுக்கி விழுகிற இடம் இது. காரணம் நம்முடைய 'இருக்கு'. 'பக்கத்தில் ஒரு கடை இருக்கு', 'அந்தக் கடை மூலையில் இருக்கு', 'கடை பெரிசா இருக்கு', 'எனக்கு ஒரு கடை இருக்கு' என்று நான்குக்கும் ஒரே வினையை வைத்துச் சமாளித்துவிடுகிறோம். இத்தாலியர்கள் அதையே மூன்று வினைகளுக்குப் பங்கிட்டிருக்கிறார்கள்.

முதல் தவறு, 'ச்சே' வர வேண்டிய இடத்தில், ஒன்று எங்கே, எப்படி என்று சொல்லும் வெறும் 'ஏ' போடுவது, அல்லது அதைத் தலைகீழாகச் செய்வது. மேசை மேல் ஒரு புத்தகம் இருப்பதைக் கேட்பவருக்குப் புதிதாகச் சொன்னால் 'ஸுல் தாவோலோ ச்சே உன் லிப்ரோ'. எந்தப் புத்தகம் என்று இருவருக்கும் முன்பே தெரியும், அது எங்கே என்பதுதான் செய்தி என்றால் 'இல் லிப்ரோ ஏ ஸுல் தாவோலோ'. தமிழில் இந்த வேறுபாட்டை நாம் சொல்வரிசையில் காட்டுகிறோம்: 'மேசை மேல் ஒரு புத்தகம் இருக்கு', 'புத்தகம் மேசை மேல் இருக்கு'. வினை மாறுவதில்லை. இத்தாலியத்தில் வரிசையோடு வினையும் மாறியாக வேண்டும். தெரியாத ஊரில் கழிப்பறை தேடும்போது இது சட்டென்று புரிந்துவிடும். இருக்கிறதா இல்லையா என்றே தெரியாவிட்டால் 'ச்சே உன் பான்யோ?'. ஓர் உணவகத்துக்குள் உட்கார்ந்திருக்கிறீர்கள், எப்படியும் இருக்கும் என்றால் 'தொவே இல் பான்யோ?' ('எங்கே' என்ற சொல்லோடு ஏ ஒட்டிக்கொண்டதுதான் 'தொவே').

'உன்' போன்ற 'ஒரு' வந்தால் ச்சே, 'இல்' போன்ற, குறிப்பிட்ட ஒன்றைக் காட்டும் சொல் வந்தால் ஏ என்று குறுக்குவழி வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அதை நம்ப வேண்டாம். 'அ ரோமா ச்சே இல் கொலோஸ்ஸேயோ' முழுக்கச் சரியான வாக்கியம். ரோமில் என்னென்ன இருக்கிறது என்று பேச்சு வரும்போது கொலோசியத்தை இப்படித்தான் அறிமுகப்படுத்துவார்கள். கொலோசியம் எந்த ஊரில் என்று கேட்டால்தான் 'இல் கொலோஸ்ஸேயோ ஏ அ ரோமா'.

அடுத்தது உடைமை. 'எனக்கு ஒரு தம்பி இருக்கான்' என்பதை அப்படியே மாற்றி, 'எனக்கு' என்பதற்கு 'அ மே' போட்டு, பின்னால் 'ச்சே' சேர்ப்பது நம்மவர்களுக்கு மிக இயல்பாக வருகிற பிழை. அங்கே வேண்டியது 'கொண்டிருத்தல்' என்னும் வினை: 'ஓ உன் ஃப்ராத்தெல்லோ'. பசியும் காய்ச்சலும்கூட இப்படித்தான்: 'ஓ ஃபாமே', 'ஓ லா ஃபெப்ரே'.

குளிர் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். வெளியே குளிராக இருந்தால் 'செய்கிறது' என்னும் வினையோடு 'ஃபா ஃப்ரெத்தோ', எனக்குக் குளிர்ந்தால் 'ஓ ஃப்ரெத்தோ', தண்ணீர் குளிராக இருந்தால் 'லாக்குவா ஏ ஃப்ரெத்தா'. ஆனால் வெயில், காற்று, மூடுபனி எல்லாம் ச்சே பக்கம்: வெயிலடித்தால் 'ச்சே இல் ஸோலே'. சிசிலியில் 'ச்சே ஃப்ரெத்தோ' என்று சொல்வதும் காதில் விழும். பலெர்மோவில் வாழும் ஈழத்தமிழர்களுக்கு அது பழகிய பேச்சாக இருக்கலாம், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் எழுத்திலும் தேர்விலும் 'ஃபா ஃப்ரெத்தோ' என்றே இருக்கட்டும். 2018 கடைசியிலிருந்து இத்தாலியக் குடியுரிமை கேட்பவர்கள் பொதுவாக பி1 அளவுக்கு (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் நடுத்தர நிலை) மொழி தெரியும் என்று சான்று காட்ட வேண்டியிருக்கிறது. அதனால் இந்த வேறுபாடு வீண் நுணுக்கம் இல்லை.

'இல்லை'யிலும் இதே சிக்கல். ஒருவரைத் தேடிப் போகிறீர்கள், அவர் வீட்டில் இல்லை: 'மார்க்கோ நோன் ச்சே'. கதவைத் திறந்த ஆள் மார்க்கோ இல்லை: 'நோன் ஏ மார்க்கோ'. கையில் காசு இல்லை: 'நோன் ஓ ஸோல்தி'. மூன்றையும் நாம் 'இல்லை' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவதால், எந்த இல்லை என்று ஒரு கணம் யோசித்துவிட்டுப் பேசுவது நல்லது. 'யாரும் இல்லை' மட்டும் நமக்குச் சுலபம். 'இல்லை'க்கு 'நோன் ச்சே', 'யாரும்' என்பதற்கு 'நெஸ்ஸூனோ' என்று வைத்தால் போதும்: 'நோன் ச்சே நெஸ்ஸூனோ' என்று எதிர்மறை இரண்டு இடத்தில் வரும். ஆங்கில வழியில் யோசிப்பவர்கள்தான் அதில் ஒன்றை விட்டுவிடுவார்கள்.

ஒருமை பன்மையில் நம் பேச்சுவழக்கு காலை வாரும். 'மூணு புத்தகம் இருக்கு' என்றால் தமிழில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இத்தாலியத்தில் 'ச்சி ஸோனோ த்ரே லிப்ரி' என்று வினை, பெயர் இரண்டும் பன்மைக்கு மாற வேண்டும். எதிர்ப்பக்கம் ஒரு பொறி: கூட்டம் என்ற பொருளில் வரும் 'ஜென்த்தே' இலக்கணப்படி ஒருமை. எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும் 'ச்சே மோல்த்தா ஜென்த்தே'தான். 'பெர்ஸோனே' என்றால் பன்மை, அதனால் 'ச்சி ஸோனோ மோல்த்தே பெர்ஸோனே'.

இறந்த காலத்தில் இரண்டு வழி. சூழலை வருணிக்க 'ச்சேரா', பன்மைக்கு 'ச்சேரானோ'. கதை தொடங்கும் 'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார்' அங்கே 'ச்சேரா உனா வோல்த்தா உன் ரே'. நடந்து முடிந்த ஒரு நிகழ்வு என்றால் 'ச்சே ஸ்தாத்தோ'. நேற்று வேலைநிறுத்தம் நடந்தது: 'யேரி ச்சே ஸ்தாத்தோ உனோ ஷோப்பெரோ'. விருந்து நடந்தது என்றால் 'ச்சே ஸ்தாத்தா உனா ஃபெஸ்தா', ஏனென்றால் ஃபெஸ்தா பெண்பால். நமக்கு விருந்தும் வேலைநிறுத்தமும் அஃறிணை என்பதால் இந்த 'தா' எளிதில் விட்டுப்போகும்.

நேரத்துக்கு ச்சி ஸோனோ போடுவது இன்னொரு பிழை. போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகும் என்றால் 'ச்சி வோல்யோனோ தூவே ஓரே'. தூரத்துக்கு மட்டும் 'ச்சி ஸோனோ தூவே கிலோமெத்ரி' சரி.

கடைசியாக, எண்ணிக்கை கேட்டால் சொல்லும் பதில். எத்தனை மாணவர்கள் என்ற கேள்விக்கு 'ச்சி ஸோனோ தியேச்சி' என்று நிறுத்தினால் குறையாகக் கேட்கும். 'அவற்றில்' என்ற பொருளுள்ள 'நே' சேர வேண்டும், அது சேர்ந்ததும் முன்னால் உள்ள ச்சி, ச்சே ஆகிவிடும்: 'ச்சே நே ஸோனோ தியேச்சி'. காதுக்கு இந்த ச்சே மேலே பார்த்த ச்சே போலவே ஏறக்குறையக் கேட்டாலும் எழுத்து வேறு. 'இருக்கு' என்ற ச்சேயில் நடுவே மேற்குறியும், கடைசி எழுத்தின் தலையில் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே சரியும் கோடும் உண்டு. இந்த ச்சேயில் இரண்டும் கிடையாது.